ஒற்றைத் தடமும் திறந்த துறையும்

மட்டக்களப்பு வாவி தன்னைச் சூழ்ந்த நிலத்தை இரு கரைகளாகப் பகுத்து நிற்பது. கிழக்கே கடலையடுத்துக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயல்வெளிகளும் பழைய குடியிருப்புகளும் நிறைந்தது படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவியை மக்கள் கடந்து சென்ற இடங்கள் துறைகள் எனப்பட்டன. மண்முனைத்துறை, குருமண்வெளித்துறை என்னும் பெயர்கள் அவ்வழக்கின் சான்றுகளாகும். துறையில் ஓடக்காரர் இருந்தார். ஏறுபவர் யார், எவ்வூரார், எதனைக் கொண்டு செல்கின்றார் என்பதை அவர் கண்ணாலேயே அறிந்துகொண்டார். ‘நீர் யார்?’ என்னும் வினா அங்கு வாய்திறந்து கேட்கப்பட வேண்டியதில்லை. 2014 ஆம் ஆண்டு மண்முனையில் பாலம் திறக்கப்பட்டபோது பயணம் எளிதாயிற்று. நோயாளரும் மாணவரும் பெரும் பயனெய்தினர். எனினும் பாலம் எவரையும் பார்ப்பதில்லை, எவரையும் கேட்பதுமில்லை.

செய்தித் தொடர்பின் வரலாற்றிலும் இத்தகையதொரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஒரு கம்பியின் இரு முனைகளிலும் இருந்தோர் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் அக்கம்பி உலகளாவிய வலையமைப்பொன்றுடன் இணைக்கப்பட்டது. அப்போது முனையில் நிற்பவர் யார் என்பதை அறியும் பொறுப்பு மனிதரிடமிருந்து பொறிக்கு மாறிற்று. தொடர்வழிக் கருவியொன்றை வலையமைப்பின் ஊடாக அணுகும்போது பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு உள்ளே விடும் ‘புகுபதிகை’ எனும் முறை இவ்வாறு தோன்றியதே. அம்முறையின் வரலாற்றை மட்டக்களப்புப் புகையிரதப் பாதையின் ஒற்றைத்தட ஒழுங்குடன் ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாதை முன்னே வருகின்றது, காவல் பின்னே வருகின்றது என்பதும், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே கேடு விளைகின்றது என்பதும் இவ்வாராய்ச்சியிற் புலனாகும்.

கையொப்பமில்லாத செய்தி

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரு புகையிரதங்களை ஒழுங்குசெய்தல் தொடக்ககாலப் புகையிரதத் துறையினரை வருத்திய பெருஞ்சிக்கலாகும். தந்தி வந்தபின் அதன் வழியே கட்டளைகளை அனுப்பி இச்சிக்கலைத் தீர்க்க முயன்றனர். 1874 செப்டெம்பர் 10 ஆம் நாள் இரவு இங்கிலாந்தின் நொரிச் நகரையடுத்த தோர்ப் என்னுமிடத்தில் நேர்ந்த விபத்து அம்முறையின் குறையை வெளிப்படுத்திற்று. தாமதித்து வரும் விரைவு வண்டிக்காகக் காத்திராது, எதிர்த்திசையில் நிற்கும் அஞ்சல் வண்டியை அனுப்பிவிடுமாறு கூறும் செய்தி தந்தி எழுதுநரிடம் சொல்லப்பட்டது. விதிப்படி பொறுப்பதிகாரியின் கையொப்பம் இல்லாத செய்தியை அனுப்புதலாகாது. எனினும் அது கையொப்பம் பெறாமலே அனுப்பப்பட்டது. இதற்கிடையில் விரைவு வண்டியும் வந்து சேர்ந்து, புறப்பட அனுமதிக்கப்பட்டது. தவற்றை உணர்ந்து முன்னைய செய்தியை மீளப்பெற முயன்றபோது, அஞ்சல் வண்டி புறப்பட்டுவிட்டது என்ற விடையே கம்பியில் வந்தது. இரு வண்டிகளும் நேருக்கு நேர் மோதியதில் 25 பேர் மாண்டனர்.

இவ்விபத்தில் தந்தி பழுதுறவில்லை. அனுப்பப்பட்ட சொற்கள் பிழையின்றியே போய்ச் சேர்ந்தன. கட்டளைக்கு உரிமையுண்டா என்பதைக் கம்பி வினவவில்லை என்பதே குறை. அதனை வினவவேண்டிய விதி தாளில் இருந்தது, பொறியில் இருக்கவில்லை. இப்பேரிழப்பினாற் தூண்டப்பட்ட எட்வேட் டயர் என்பார் 1878 இல் தமது மின்வட்டுப் பொறியை ஆக்கினார். ‘டப்லெற்’ எனப் புகையிரத ஊழியர் வழங்கும் வட்டுமுறை அதுவேயாகும்.

மட்டக்களப்புப் பாதையில் வட்டு

மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928 ஆம் ஆண்டிலாகும். பொலன்னறுவையிலிருந்து மனம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வாவிக்கரையை அடையும் இப்பாதை ஒற்றைத் தடமாகவே அமைந்தது. மனம்பிட்டியில் மகாவலியின் குறுக்கேயமைந்த பழைய இரும்புப் பாலத்தின் மீது புகையிரதமும் வீதி வாகனங்களும் மாறி மாறியே சென்றன. 2007 இல் புதிய வீதிப்பாலம் திறக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடமுண்டு என்னும் நெறி இப்பாதையின் இயல்போடு கலந்தது.

இத்தகைய தடத்தைக் காத்தது வட்டுமுறை. அதன் செயற்பாடு எளிது, ஆயின் நுட்பமானது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பொறி உண்டு. இரண்டும் கம்பியினால் இணைந்து, ஒன்றன் நிலையை மற்றது அறிந்து நிற்பன. ஒவ்வொன்றினுள்ளும் உலோக வட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். வண்டியை அனுப்ப விரும்பும் நிலைய அதிபர் மணிக்குறியால் மறுநிலையத்தை வினவுவார். மறுமுனையிலிருப்பவர் இசைந்து தம் பொறியை இயக்கினாலன்றி இம்முனையில் வட்டு வெளிவராது. ஒரு வட்டு வெளிவந்துவிட்டால், அது இவ்விரு பொறிகளுள் ஒன்றினுள் மீள இடப்படும்வரை வேறெந்த வட்டையும் எம்முனையிலும் எடுக்கவியலாது. வெளிவந்த வட்டு தோற்பையிலிடப்பட்டுப் பெரியதொரு வளையத்துடன் சாரதியிடம் கொடுக்கப்படும். அதனைக் கையிற் கொள்ளாது அத்தடத்தினுள் நுழைய அவருக்கு உரிமையில்லை. ஒரு பகுதிக்குரிய வட்டு அடுத்த பகுதியின் பொறிக்குப் பொருந்தாதவாறு வடிவம் வேறுபடுத்தப்பட்டிருக்கும்.

இம்முறையில் மூன்று நெறிகள் அடங்கியுள்ளன. முதலாவது, உரிமை ஒருவரால் மட்டும் வழங்கப்படுவதன்று. இரு முனைகளும் இசைந்தே வழங்குவன. இரண்டாவது, உரிமை குறித்த ஒரு பகுதிக்கே செல்லும். மூன்றாவது, கொடுத்த உரிமை மீளப் பெறப்படாதவிடத்துப் பாதை மூடியே கிடக்கும். வட்டு தொலைந்தாற் பயணம் தடைப்படும், உயிர் போகாது. ஐயம் நேர்ந்தவிடத்து மூடிக்கொள்ளும் இப்பண்பு பின்னர் வரும் ஒப்பீட்டிற்கு அடிப்படையாதலின் நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கு நோக்கற்பாலது மற்றொன்று. 1874 இன் பாடத்தை மட்டக்களப்பு தன் உயிரிழப்பினாற் கற்கவேண்டியிருக்கவில்லை. பிறநாட்டார் குருதி சிந்திக் கற்ற பாடம், ஐம்பதாண்டுகளின் பின் தண்டவாளத்தோடு கூடவே இங்கு வந்து சேர்ந்தது. பிந்தி வந்தோர்க்குரிய பேறு என இதனைக் கூறலாம்.

கடவுச்சொல்லின் பிறப்பு

தந்திக்கம்பியின் வழித்தோன்றலே கணினியின் தொடர்வழித் தொடர்பு. எழுத்தொன்றைச் சில மின்துடிப்புகளாக்கி, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்புவது அதன் இயல்பு. ஒற்றைத் தடத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது போன்றதே அது. தொலை அச்சுப்பொறிகள் இவ்வாறே இயங்கின. 1960 இல் அமெரிக்க மின்னணுத் தொழிலகத்தார் வகுத்த ஆர்.எஸ். 232 என்னும் நியமம் கணினி முனையங்களுக்கும் மோடங்களுக்கும் இடையிலான இணைப்பை ஒழுங்குபடுத்திற்று. இதனைப் பின்பற்றிய ‘சீரியல்’ துறைகள் அளவைக் கருவிகளிலும் மின்னிலையப் பொறிகளிலும் இன்றளவும் காணப்படுகின்றன.

முனையத்தின் முன் அமர்ந்தவரை நோக்கி ‘நீர் யார்?’ எனக் கணினி முதலிற் கேட்கத் தொடங்கியது 1960களின் தொடக்கத்திலாகும். மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் தலைமையில் அமைந்த நேரப்பகிர்வுக் கணினியை, 1961 இல் அது முதன்முதற் செய்துகாட்டப்பட்டதன் பின்னர், பலர் ஒருங்கே பயன்படுத்தினர். அவரவர் கோப்புகளையும் அவரவர்க்கு ஒதுக்கிய நேரத்தையும் பிரித்துக் காக்கவே கடவுச்சொல் வேண்டப்பட்டது. ஆயின் 1962 இலேயே அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையாற் கடவுச்சொற்கள் முழுவதும் அடங்கிய கோப்பினை அச்சிட்டுப் பெற்றார். பூட்டைச் செய்தோர் எல்லாத் திறவுகோல்களையும் ஒரே பெட்டியில் வெளிப்படையாக வைத்திருந்தமையே காரணம். கடவுச்சொல்லை அப்படியே எழுதிவையாது, மீட்டறியவியலாத மறைவடிவில் மாற்றிவைக்கும் முறையை றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகியோர் 1979 இல் வெளியிட்ட கட்டுரை விளக்கிற்று. பூட்டு வந்து ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

திறந்த துறை

1969 இல் ஆர்பாநெற் என்னும் வலையமைப்புத் தோன்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போட் ஆய்வு நிறுவகத்தின் கணினிக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. அது ஒரு புகுபதிகை முயற்சியே. அதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகள் சென்ற அளவில் மறுமுனைக் கணினி செயலிழந்தது. வலையமைப்பின் வரலாறு வாயிலைத் தட்டுதலோடு தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்கத்தில், தமக்கெனப் பெருங்கணினி வைத்திருந்தோரே இவ்வலையமைப்பினுட் புகமுடிந்தது. கணினியில்லாத இடங்களிலிருந்தோரும் வெறும் முனையத்தைக்கொண்டு இணைவதற்காக 1971 இல் ‘டிப்’ எனச் சுருக்கமாக வழங்கிய பொறி அமைக்கப்பட்டது. 63 முனையங்கள் வரை ஒருபுறம் தொடர்வழியில் இணையலாம். மறுபுறம் வலையமைப்பு விரிந்துகிடக்கும். இக்காலக் கருவிச் சேவையகங்களின் மூதாதை இதுவே எனலாம். தொலைபேசி எண்ணையும் மோடத்தையும் கொண்டு எவரும் அதனோடு தொடர்புகொள்ளக்கூடியதாக இருந்தது. அஃது எவரையும் யாரென்று கேட்கவில்லை.

இதன் ஆபத்தை 1973 டிசெம்பரில் றொபேட் மெற்காப் என்பார் சிறியதொரு குறிப்பில் எடுத்துரைத்தார். டிப்பின் தொலைபேசி எண்கள் பலரறியப் பரவியுள்ளன, அப்பொறி வருவோரை அடையாளம் கேளாது சேவை செய்கின்றது, கணினிகளின் கடவுச்சொற்களோ எளிதில் ஊகிக்கத்தக்கன என்பன அவர் கூற்றின் சாரம். ஆயினும் டிப்பின் வழிவந்த பொறிகளின் வாயிலில் வருவோரை ஒரு மைய இடத்தில் விசாரித்து உறுதிசெய்யும் ‘டக்காக்ஸ்’ என்னும் முறை 1984 அளவிலேயே இடம்பெற்றது. எச்சரிக்கைக்கும் செயலுக்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்தன.

இதனை அமைப்பாளர்தம் அசட்டை என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. அக்கால வலையமைப்பு, ஒருவரையொருவர் பெயரறிந்த ஆய்வாளர் சிலரின் சிற்றூர் போன்றது. தம் துறையில் ஓடக்காரர் இன்னும் இருக்கின்றார் என்றே அவர்கள் கருதினர். துறை பாலமாகிவிட்டதை உணரக் காலம் சென்றது.

கருவி காணும் மாயத்தோற்றம்

இக்காலக் கருவிச் சேவையகம் கைக்கடக்கமானதொரு பெட்டி. அதன் ஒருபுறம் சீரியல் துறைகள். மறுபுறம் வலையமைப்புக் கம்பி. நீர்மட்டமானியோ மின்னளவியோ தொலைபேசி மாற்றுப்பொறியோ சீரியல் துறையில் இணைக்கப்படும். பெட்டிக்கு வலையமைப்பில் ஒரு முகவரி உண்டு. ஒவ்வொரு துறைக்கும் தனியெண் உண்டு. தொலைவிலுள்ள பொறியியலாளர் ‘டெல்நெற்’ போன்ற நெறிமுறையால் அம்முகவரியை அழைப்பார். பெட்டி பெயரைக் கேட்கும். பின்னர் கடவுச்சொல்லைக் கேட்கும். இரண்டும் பொருந்தினால் அவர் இடும் எழுத்து ஒவ்வொன்றும் தொடர்வழியே கருவியைச் சென்றடையும். கருவியின் விடை அவ்வழியே மீளும். பெட்டியின் அமைப்பை மாற்றும் மேலாண்மை வாயில் ஒன்று, கருவிக்குச் செல்லும் வாயில் மற்றொன்று என இருவாயில்கள் இங்குண்டு. முன்னதைப் பூட்டிவிட்டுப் பின்னதைத் திறந்து வைப்பதும் உண்டு.

இதில் ஆழ்ந்து நோக்கவேண்டியது கருவியின் நிலை. அது வலையமைப்பு என ஒன்று உண்டு என்பதை அறியாது. தன் கம்பியின் மறுமுனையில் இருப்பவர் தானிருக்கும் அறைக்குள்ளேயே இருக்கின்றார் என்னும் நம்பிக்கையில் ஆக்கப்பட்டது அது. அறைக்குப் பூட்டு இருந்த காலத்தில் அந்நம்பிக்கை பொருத்தமானதே. பெட்டி இணைக்கப்பட்ட அன்றே அவ்வறையின் சுவர் இல்லாதொழிகின்றது. கருவியோ பழைய நம்பிக்கையிலேயே நிற்கின்றது.

வட்டுமுறையுடன் ஒப்பிடுமிடத்து வேறுபாடு துலக்கமாகும். பணி முடித்த பொறியியலாளர் விடைபெறாமல் இணைப்பை மட்டும் துண்டித்துச் சென்றால், சீரியல் கம்பியின் மறுமுனையிலுள்ள கருவி அவர் சென்றதை அறியாதிருத்தல் கூடும். அடுத்து வருபவர் முன்னவரின் உரிமையை அப்படியே பெறுவார். மீளக் கொடாத வட்டு பாதையை மூடிவைக்கின்றது. விடைபெறாத புகுபதிகை பாதையைத் திறந்துவைக்கின்றது. இரு முறைகளின் அறமும் இவ்வொரு புள்ளியிற் பிரிகின்றது.

இவை வெறுங் கற்பனையல்ல. 2013 இல் எச்.டி. மூர் என்னும் ஆய்வாளரும் றப்பிட்7 நிறுவனமும் வெளியிட்ட ஆய்வில், இணையத்திலிருந்து அணுகத்தக்க 114,000க்கு மேற்பட்ட கருவிச் சேவையகங்கள் காணப்பட்டன. அவற்றுள் 13,000க்கு மேற்பட்ட சீரியல் துறைகள் எவ்வித அடையாளமும் கேளாது நிருவாக உரிமையை நல்கும் நிலையிலிருந்தன. 2015 டிசெம்பர் 23 இல் உக்ரேனின் மூன்று மின்விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டபோது ஏறத்தாழ 225,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். திருடிய கடவுச்சொற்களால் உட்புகுந்தோர் மின்தொடுப்புகளைத் துண்டித்ததோடு அமையாது, துணைநிலையங்களில் சீரியல் கருவிகளை வலையமைப்போடு இணைத்த பெட்டிகளின் உள்நிரலையும் அழித்தனர். கட்டுப்பாட்டறையிலிருந்து கட்டளையிட இயலாமையால், ஊழியர் நேரிற் சென்று கையால் ஆளிகளை இயக்கினர். 2016 இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாதிருந்த கமராக்களையும் பிற கருவிகளையும் டெல்நெற் வழியே பெருந்தொகையாகக் கைப்பற்றியது.

கணையாழியும் சூடாமணியும்

கடவுச்சொல் முறைக்கு மற்றொரு குறையும் உண்டு. வருபவர் தம்மை நிலைநாட்ட வேண்டும்; வாயிலோ தன்னை நிலைநாட்ட வேண்டியதில்லை. போலி வாயிலொன்றில் ஒருவர் தம் கடவுச்சொல்லை இட்டுவிட்டாற் செய்வதற்கு யாதுமில்லை. இராமகாதையில் அனுமன் தன்னை யாரென நிலைநாட்டக் கணையாழியைக் கொடுத்தான். அத்தோடு அமையாது, தான் கண்டது சீதையையே என்பதற்குச் சான்றாகச் சூடாமணியைப் பெற்று மீண்டான். இலங்கையில் நிகழ்ந்ததாகக் காப்பியம் கூறும் இச்செயலில் இருமுனை அடையாளம் என்னும் கருத்து முழுமையுற்று விளங்குகின்றது.

டெல்நெற் நெறிமுறைக்கு அது இல்லை. 1983 இல் நியமமாக வெளியிடப்பட்ட அந்நெறிமுறை கடவுச்சொல்லையும் மறைப்பின்றியே கம்பியில் அனுப்பிற்று. இடையில் ஒட்டுக்கேட்பவர் அதனை வாசிக்கலாம். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இவ்வாறு கடவுச்சொற்கள் களவாடப்பட்டதையடுத்து, 1995 இல் டாட்டு யுலோனென் என்பார் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் காப்புமிகு நெறிமுறையை ஆக்கினார். உரையாடல் முழுவதையும் அது மறைக்கின்றது. அத்துடன் வாயிலும் தன் அடையாளத்தைக் காட்டவேண்டும் என விதிக்கின்றது. ஆயினும் சீரியல் காலத்துப் பெட்டிகள் பல டெல்நெற் வாயிலையே நீண்டகாலம் திறந்துவைத்திருந்தன.

பிந்தி வந்தோரின் பேறு

வந்தாறுமூலையில் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு, பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் 1990ஐ ஒட்டித் தொலைபேசி அழைப்பின் வழி மின்னஞ்சலைப் பரிமாறும் சிறு ஏற்பாடாகத் தோன்றி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் உள்ளடக்கி விரிந்தது. போர்க்காலத்திற் கிழக்கின் புகையிரதமும் தொலைபேசியும் பலமுறை தடைப்பட்டமையால், வலையமைப்பின் பயன் இப்பகுதிக்குப் பிந்தியே கிட்டியது.

பிந்தி வந்தமை புகையிரதத்திற் பேறாயிற்று எனக் கண்டோம். வலையமைப்பில் அது தானாகப் பேறாவதில்லை. 1928 இல் வட்டுப்பொறியின்றித் தடம் திறக்கப்பட்டிருப்பின் நிலைய அதிபர்களே அதனை ஒவ்வாதென்றிருப்பர். கருவிச் சேவையகமோ கடையில் வாங்கிய அன்றே இயங்குகின்றது. கடவுச்சொல்லை மாற்றாவிடினும் இயங்குகின்றது. குறை கண்ணுக்குத் தெரியாது. பிறநாட்டார் கற்ற பாடம் இங்குப் பெட்டியோடு கூடி வருவதில்லை. அதனைத் தனியே கற்றுப் பெறவேண்டியுள்ளது.

இப்பிரதேசத்திற்கு இஃது ஏட்டளவான கேள்வியன்று. 1978 நவம்பர் 23 இற் சூறாவளியும் 2004 டிசெம்பர் 26 இற் கடற்கோளும் மட்டக்களப்புக் கரையை அழித்தன. 2005 இல் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டபின், தொலைவிலிருந்து இயக்கத்தக்க எச்சரிக்கைக் கோபுரங்கள் கரையோரங்களில் எழுந்தன. 2012 ஏப்ரல் 11 இல் இந்து சமுத்திரத்தில் நிலநடுக்கம் நேர்ந்தபோது கரையோர மக்கள் எச்சரிக்கையை நம்பி உள்நாட்டை நோக்கிச் சென்றனர். அந்நம்பிக்கை விலைமதிப்பற்றது. உரிமையில்லாதார் விடுக்கும் ஒரு பொய்க் கட்டளை அதனைக் குலைக்கும். உரிமையுடையார் விடுக்கும் கட்டளை தடுக்கப்படின் உயிர்கள் மாயும். தோர்ப் தந்தியில் இல்லாதிருந்த கையொப்பமே இங்கும் வேண்டப்படுவது.

ஆதலின் வலையமைப்போடு இணையும் கருவி எதனையும் வட்டுமுறையின் மூன்று நெறிகளால் அளந்து பார்த்தல் தகும். இரு முனைகளும் ஒன்றையொன்று அறிந்து இசைகின்றனவா? உரிமை குறித்த பகுதியோடு நிற்கின்றதா? விடைபெறாதவர் விட்டுச்சென்ற பாதை தானாகவே மூடிக்கொள்கின்றதா? இம்மூன்றனுள் ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்பது விடையாயின், அக்கருவியை வெளியுலகோடு இணைத்தல் ஆகாது. வாவிக்கரையிற் பணிபுரிந்த நிலைய அதிபர்கள் கணினியைக் கண்டிராத காலத்திலேயே இந்நெறிகளை நாடோறும் கைக்கொண்டனர். பல்கலைக்கழகங்களிற் பொறியியலும் கணினியும் பயில்வோர் தம் பாடங்களோடு அவர்தம் நடைமுறையையும் சேர்த்துக் கற்பாராயின், அடுத்த பாடத்தை இக்கரை உயிர்கொடுத்துக் கற்கவேண்டிய நிலை எழாது.